இரண்டில் ஓர் ஓட்டை

வடிவுக்கு ஐம்பத்தொன்பது வந்திருந்தது. தேர்ச்சிக்கு அறுபது வேண்டும்.

மைசூரில், பிளஸ் டூ நடத்தும் ஒரு பி.யூ. கல்லூரியில் அவள் பதினாறு வருடமாக ஒப்பந்த அட்டெண்டர். மணி அடிப்பாள். வருகைப் பதிவேட்டை வகுப்பு வகுப்பாகக் கொண்டுபோய்க் கொடுத்துத் திரும்ப வாங்கி வருவாள். ஒவ்வொரு பீரியட் முடிந்ததும் கரும்பலகையைத் துடைப்பாள். வயது நாற்பத்து நான்கு. நாற்பத்தைந்து முடிந்தவர்களுக்கு ஒப்பந்தம் நீடிக்காது என்று ஆள் அனுப்பும் ஏஜென்சி சொல்லிவிட்டது. ஆக, அவள் கையில் பதினோரு மாதமும் ஒரே ஒரு வழியும் இருந்தன. அந்த வழி, இளநிலை எழுத்தர் தகுதித் தேர்வு. வேலையில் இருக்கும் கடைநிலை ஊழியர்கள் எந்த வயதிலும் எழுதலாம்.

தேர்வை நடத்துவது தகுதி நிர்ணய வாரியம். ஓர் எழுத்தருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்ய வாரியம் ஒரு பாடத்திட்டக் குழுவை அமைத்தது. குழு பதினான்கு முறை கூடியது. பதினான்காவது கூட்டத்தில், உறுப்பினர் ஒருவர் தன் மகனுக்காக வாங்கிவைத்திருந்த பொறியியல் நுழைவுத் தேர்வுப் பாடத்திட்டத்தையே எடுத்துக்கொள்வது என்று தீர்மானமாயிற்று. வேதியியலை மட்டும் நீக்கினார்கள். எழுத்தர்கள் அமிலங்களைக் கையாளுவதில்லை என்று காரணம் எழுதப்பட்டது.

இதை எதிர்த்து ஊழியர் சங்கம் ஒரு மனு கொடுத்தது. அலுவலகத்தில் கடிதம் அனுப்புகிறவருக்கு அல்ஜீப்ரா எதற்கு என்று கேட்டிருந்தார்கள். வாரியத்தின் மைசூர் மண்டல இயக்குநர் கேசவமூர்த்தி அதற்குப் பத்திரிகைகளுக்கே பதில் அனுப்பினார். "நாளைக்கு ஓர் எழுத்தரின் மேஜைக்கு ஒரு விகிதமுறு சார்பு வந்து சேர்ந்தால் அவர் என்ன செய்வார்? அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவாரா?" என்று அதில் கேட்டிருந்தார்.

வடிவு கொள்ளேகாலத்தில் பி.யூ.சி. வரை சயன்ஸ் படித்தவள். பிறகு கல்யாணம். இருபத்தைந்து வருடம் கழித்து மறுபடி புத்தகத்தை எடுத்தபோது எழுத்துகள் தெரிந்தன, விஷயம் தெரியவில்லை. கல்லூரியில் கணக்கு எடுக்கும் ஸுஷ்மா மேடம்தான், "கடைசி பெஞ்சுல வந்து ஒக்காந்துக்கோங்கோ வடிவு அவ்ரே, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டா" என்றாள். ஸுஷ்மாவுக்கு முப்பது வயதிருக்கும். மேல்கோட்டை ஐயங்கார் குடும்பம். வீட்டில் தமிழ், கூப்பிடும்போது மட்டும் கன்னடத்து மரியாதையான 'அவ்ரே'. அவளும் வருடா வருடம் புதுப்பிக்கப்படும் கௌரவ விரிவுரையாளர்தான். வடிவு மணி அடித்துவிட்டு ஓடிவந்து கடைசி பெஞ்சில் உட்காருவாள். பாடம் முடிவதற்கு ஒரு நிமிடம் முன்னால் எழுந்துபோய் மறுபடி மணி அடிப்பாள். அப்படி ஏழு மாதம் படித்தாள்.

விகிதமுறு சார்புகளின் பாடம் நடந்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. மேலே ஒரு கோவை, கீழே ஒரு கோவை, நடுவில் வகுத்தல் கோடு. கீழே இருப்பது பூஜ்யமாகிற இடத்தை நெருங்க நெருங்க வளைகோடு விண்ணுக்கோ பாதாளத்துக்கோ பாய்ந்துவிடும். அந்த இடத்தில் நெட்டுக்குத்தாக ஒரு கோடு போட்டுக் காட்டுவார்கள். தமிழ்ப் பாடநூலில் தொலைத்தொடுகோடு. மைசூரில் எல்லோருக்கும் அது அசிம்ப்டோட்.

"நிறையப் பேர் இங்கதான் விழுவா," என்று ஸுஷ்மா அன்று சொன்னாள். "கீழ பூஜ்யம் வந்த உடனே கோடு போட்டுடக் கூடாது. மேலயும் பூஜ்யமான்னு பாக்கணும். ரெண்டுலயும் ஒரே காரணி இருந்தா அது அடிபட்டுப் போயிடும். அங்க வளைகோடு எங்கயும் பாயாது. சமத்தா அது பாட்டுக்குப் போயிண்டிருக்கும். ஒரே ஒரு புள்ளி மட்டும் இருக்காது. சின்ன ஓட்டை. அவ்வளவுதான்."

தேர்வில் நாற்பத்தேழாவது கேள்வி இது: (x² − x − 2) / (x² − 4) என்னும் சார்புக்கு எத்தனை செங்குத்து அசிம்ப்டோட்டுகள் உள்ளன?

கீழே உள்ளது x இரண்டாக இருந்தாலும் பூஜ்யம், கழித்தல் இரண்டாக இருந்தாலும் பூஜ்யம். ஆனால் இரண்டில் மேலேயும் பூஜ்யம். வடிவு காரணிகளைப் பிரித்துப் போட்டாள். (x − 2) மேலும் கீழும் அடிபட்டது. மிச்சம் (x + 1) / (x + 2). ஆக, கழித்தல் இரண்டில் மட்டும் ஒரு கோடு. இரண்டில் வெறும் ஓட்டை. அவள் 'ஒன்று' என்ற வட்டத்தைக் கறுப்பாக்கினாள்.

வாரியம் வெளியிட்ட விடைக்குறிப்பில் 'இரண்டு' என்று இருந்தது.

அவள் மூன்று முறை போட்டுப் பார்த்தாள். மூன்று முறையும் ஒன்றுதான் வந்தது. கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. வாரியத்தின் இணையதளத்தில் 'ஆட்சேபணை' என்று ஒரு பொத்தான் இருந்தது, அதை அழுத்தினாள்.

ஆட்சேபணையை இருபது சொற்களுக்குள், கன்னடத்தில், எண்களோ கணிதக் குறிகளோ இல்லாமல் எழுத வேண்டும். நிரூபணம் எதையும் இணைக்கக் கூடாது. 'நிரூபணம் இணைப்பது வாரியத்தின் மேல் செல்வாக்கைப் பயன்படுத்தும் முயற்சியாகக் கருதப்படும்' என்று சிவப்பு எழுத்தில் இருந்தது. வடிவு அரை மணி நேரம் யோசித்து எழுதினாள்: "இரண்டு என்னும் இடத்தில் ஒரு ஓட்டைதான் இருக்கிறது. தயவுசெய்து கவனிக்கவும்."

மூன்றே வாரத்தில் பதில் வந்தது. வாரியத்தின் கட்டடப் பராமரிப்புப் பிரிவு அனுப்பியிருந்தது. அவளது புகாரின் பேரில் தேர்வு நடந்த இரண்டாம் எண் அறையை உதவிப் பொறியாளர் நேரில் பார்வையிட்டார் என்றும், கிழக்குச் சுவரில் மின்விசிறிக்குப் பின்னால் இருந்த ஓட்டை சிமெண்ட் வைத்து அடைக்கப்பட்டது என்றும், புகார் திருப்திகரமாக முடித்துவைக்கப்பட்டது என்றும் அதில் எழுதியிருந்தது. அடைப்பதற்கு முன்பும் பின்பும் எடுத்த படங்கள் இணைக்கப்பட்டிருந்தன. ஓட்டை உண்மையிலேயே இருந்திருக்கிறது.

வடிவு அரை நாள் லீவு போட்டுவிட்டு நேரில் போனாள்.

வாரியத்துக்குச் சொந்தக் கட்டடம் ஒன்பது வருடமாகக் கட்டப்பட்டு வருவதால், மண்டல அலுவலகம் விஜயநகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் இயங்கியது. முகூர்த்த நாட்களில் அலுவலகம் கிடையாது. மற்ற நாட்களில் சாப்பாட்டுக் கூடத்தில் பொதுப் பிரிவு, சமையல்கட்டில் ஆவணக் காப்பகம், மணமகள் அறையில் ரகசியப் பிரிவு. பழைய கோப்புகளை அண்டாக்களில் போட்டு மூடிவைத்திருந்தார்கள். சாம்பாருக்கான அண்டாவில் 2014 முதல் 2019 வரை இருந்தது.

பொதுப் பிரிவில் இருந்தவர் பெயர் லிங்கப்பன். கொள்ளேகாலத்துக்குப் பக்கத்து ஹனூர்க்காரர். வடிவின் பேச்சைக் கேட்டதும் அவருக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது.

"நம்ம பக்கமுங்களா அக்கா? உக்காருங்க, உக்காருங்க." பந்தி பெஞ்சைக் காட்டினார். "ஓட்டையத்தான் அடைச்சுட்டாங்களே. இன்னும் என்னுங்க?"

"அந்த ஓட்டை இல்லீங்க. கணக்குல இருக்கற ஓட்டை."

லிங்கப்பன் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "அப்ப அது ஆட்சேபணைங்க. புகார் இல்ல. புகாருன்னா நீங்க தேர்ச்சி ஆகியிருந்தாலும் கேக்கலாம். ஆட்சேபணைன்னா கேள்வி அமைச்சவுங்ககிட்ட தடையில்லாச் சான்று வாங்கிட்டு வரோணும்."

"அவுங்க யாருங்க?"

"அது ரகசியமுங்க."

"அப்பறம் எப்படீங்க வாங்கறது?"

"அதுக்கு ஒரு முறை இருக்குதுங்க," என்றார் லிங்கப்பன், பெருமையோடு. 'மதிப்பிற்குரிய தெரியாதவர் அவர்களுக்கு' என்று தொடங்கி ஒரு கடிதம் எழுதி, ஒட்டி, மணமகள் அறையின் கதவுக்கு அடியில் தள்ளிவிட வேண்டும். உள்ளே இருக்கிறவர்கள் உரியவருக்குச் சேர்ப்பார்கள். உரியவர் கையால் பதில் எழுதிப் பெயர் போடாமல் திருப்பி அனுப்புவார். வடிவு அங்கேயே எழுதி, குனிந்து, கதவுக்கு அடியில் தள்ளினாள். உள்ளேயிருந்து யாரோ அதைக் கையால் இழுத்துக்கொண்டார்கள்.

பதினைந்து நாளில் பதில் வந்தது. 'கேள்வி எண் 47 குறித்து ஆட்சேபிக்க விரும்புபவர் ஆட்சேபிப்பதில் கேள்வி அமைத்தவருக்கு ஆட்சேபணை இல்லை.' கன்னடத்தில் ஒரே வரி. வடிவு அதைப் படித்தாள். அப்புறம் படிப்பதை விட்டுவிட்டு எழுத்தைப் பார்த்தாள். ஏழின் இடுப்பில் ஒரு சின்னக் குறுக்குக்கோடு. வரி முடிவில் வலது பக்கம் சரிந்து இறங்கும் வாகு. நான்கு வருடமாக ஒரு நாளைக்கு மூன்று முறை அந்தக் கையெழுத்தைத்தான் அவள் பலகையிலிருந்து துடைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மூன்றாவது பீரியட் முடிந்து அவள் வகுப்புக்குள் போனபோது பிள்ளைகள் வெளியே போயிருந்தார்கள். ஸுஷ்மா மேஜையில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். வடிவு டஸ்டரை எடுத்தாள். ஸுஷ்மா அவளைப் பார்க்காமல் பலகையைப் பார்த்தபடி சொன்னாள்.

"நான் ஒண்ணுன்னுதான் விடை குடுத்தேன். அங்க சரிபாக்கிறவா மாத்திட்டா."

வடிவு டஸ்டரைத் தட்டித் தூசியை உதறினாள்.

"வெளியில சொல்ல மாட்டேன்னு கையெழுத்து போட்டுக் குடுத்திருக்கேன், வடிவு அவ்ரே. ஜூன்ல எனக்கு ரினியூவல். அதுக்கு வாரியத்துக்காரா லெட்டர் வேணும்."

"நான் எதுவும் கேக்கலீங்களே மேடம்," என்றாள் வடிவு. மேலிருந்து கீழாகப் பலகையைத் துடைத்தாள். ஸுஷ்மா இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஆனால் அடுத்த வகுப்புக்குப் பிள்ளைகள் உள்ளே வரத் தொடங்கிவிட்டார்கள்.

விசாரணை ஆஷாட மாதத்தில் வைக்கப்பட்டது. அந்த மாதத்தில் கல்யாணம் நடக்காது என்பதால் வாரியத்தின் முக்கியமான வேலைகள் எல்லாம் அப்போதுதான் நடக்கும். வல்லுநர் குழு மேடையில் உட்கார்ந்திருந்தது. நடுவில், மணமக்களுக்கான சிவப்பு வெல்வெட் சோபாவில், மண்டல இயக்குநர் கேசவமூர்த்தி. அவருக்கு ஒரு பக்கம் பட்டு வளர்ச்சித் துறையில் ஓய்வுபெற்ற ஒருவர். மறுபக்கம் உடற்கல்வித் துறையில் ஓய்வுபெற்ற ஒருவர். வடிவு கீழே, முதல் வரிசைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். கூடத்தில் வேறு யாரும் இல்லை.

கேசவமூர்த்தி அலுவலகத்தில் கன்னடம்தான் பேசுவார். வாயைத் திறந்தால் அச்சடித்த சுற்றறிக்கை மாதிரி வரும்.

"குழுவில் கணிதம் தெரிந்தவர் யாரும் இல்லை என்று உங்களுக்குத் தோன்றலாம்," என்று தொடங்கினார். "அது தற்செயல் அல்ல. கணிதம் தெரிந்தவரைப் போட்டால், அவர் இங்கே வருவதற்கு முன்பே ஒரு விடைக்கு வந்திருப்பார். திறந்த மனம் இருக்காது. எங்கள் மூவருக்கும் இந்தக் கேள்வியைப் பற்றி ஒன்றுமே தெரியாது. இதைவிட நடுநிலையான ஒரு குழுவை நீங்கள் கர்நாடகத்தில் பார்க்க முடியாது."

வடிவு தலையாட்டினாள். தன் பக்கத்தைச் சொல்லலாமா என்று கேட்டாள். சொல்லச் சொன்னார்கள். அவள் மேலே, கீழே, காரணி, அடிபடுவது என்று தனக்குத் தெரிந்த கன்னடத்தில் சொன்னாள். உடற்கல்விக்காரர் முழுவதையும் கேட்டுவிட்டு, "யார் யாரை அடித்தது?" என்று கேட்டார்.

கேசவமூர்த்தி கையை உயர்த்தினார். "வாதங்கள் போதும். வாரியம் அறிவியல் முறைப்படி நடக்கும். இயந்திரத்தையே கேட்டுவிடுவோம்."

கணக்குப் பிரிவிலிருந்து ஒரு கால்குலேட்டரைத் தாம்பாளத்தில் வைத்துக் கொண்டுவந்தார் லிங்கப்பன். மேடையில் வேறு தட்டு இல்லை. கேசவமூர்த்தி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு x இருக்கும் இடத்தில் எல்லாம் இரண்டைப் போட்டார். மேலே பூஜ்யம், கீழே பூஜ்யம். வகுத்தார். திரையில் 'எரர்' என்று வந்தது. அதைக் குறிப்பேட்டில் எழுதச் சொன்னார். பிறகு கழித்தல் இரண்டைப் போட்டார். மேலே நான்கு, கீழே பூஜ்யம். வகுத்தார். மறுபடியும் 'எரர்'.

அவர் கால்குலேட்டரைத் தூக்கி இரண்டு பக்கமும் காட்டினார்.

"ஒரு இடத்தில் எரர். இன்னொரு இடத்திலும் எரர். மொத்தம் இரண்டு எரர். விடை இரண்டு. அம்மா, நீங்கள் ஒரு எரரை ஏற்றுக்கொள்கிறீர்கள், இன்னொரு எரரை ஓட்டை என்கிறீர்கள். இந்த அலுவலகத்தில் நான் முப்பத்தொரு வருடம் இருக்கிறேன். ஒரு தவறுக்கும் இன்னொரு தவறுக்கும் இடையே நாங்கள் வேறுபாடு பார்த்ததே கிடையாது. பார்த்தால் அது பாரபட்சம்."

"சார், ரெண்டுக்குப் பக்கத்துல போட்டுப் பாருங்க சார்," என்றாள் வடிவு. "இரண்டு புள்ளி பூஜ்யம் ஒன்று. அப்பறம் கழித்தல் இரண்டுக்குப் பக்கத்துல அதே மாதிரி. வித்தியாசம் தெரியும்."

"கேள்வியில் இரண்டு புள்ளி பூஜ்யம் ஒன்று எங்கே இருக்கிறது?"

"இல்லீங்க சார். ஆனா பக்கத்துல என்ன ஆகுதுன்னு பாக்கறதுதான் அசிம்ப்டோட்டே."

"பக்கத்தில் என்ன நடக்கிறது என்பது இந்த வாரியத்தின் அதிகார வரம்புக்குள் வராது," என்றார் கேசவமூர்த்தி.

அவர் தீர்மானத்தைச் சொல்லச் சொல்ல லிங்கப்பன் எழுதிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் பட்டு வளர்ச்சித் துறைக்காரர் கால்குலேட்டரைத் தன் பக்கம் இழுத்து மெதுவாக ஏதோ போட்டார். வடிவு அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். 2.01 போட்டார். 0.7506 வந்திருக்கும். இன்னும் நெருக்கமாக 2.001 போட்டார். 0.7500 என்று தொடங்கியிருக்கும். எங்கும் பாயவில்லை. பிறகு கழித்தல் 2.01. நூற்றொன்று. கழித்தல் 2.001. ஆயிரத்தொன்று. அவர் புருவம் மேலே போயிற்று. தலையை நிமிர்த்தி வடிவைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்பது வடிவுக்கும் புரிந்துவிட்டது. பிறகு அவர் அழிக்கும் பொத்தானை அழுத்திவிட்டு, கால்குலேட்டரைத் தாம்பாளத்தில் வைத்தார்.

"உறுப்பினர்கள் சம்மதம்தானே?" என்று கேசவமூர்த்தி கேட்டார்.

"சம்மதம்," என்றார் உடற்கல்விக்காரர்.

"சம்மதம்," என்றார் பட்டு வளர்ச்சித் துறைக்காரர்.

தீர்மானம் வாசிக்கப்பட்டது. 'x சமம் 2 என்னும் இடத்தில் அசிம்ப்டோட் இருப்பதாகக் குழு ஒருமனதாக முடிவு செய்கிறது. இம்முடிவு மைசூர், மண்டியா, சாமராஜநகர் மாவட்டங்களுக்கு உடனடியாக அமலுக்கு வருகிறது.'

வடிவு எழுந்து நின்றாள். அவளுக்கு ஒரே ஒரு சந்தேகம் இருந்தது. "மத்த ஜில்லாவுல, சார்?"

"அது அந்தந்த மண்டல இயக்குநரின் விருப்பம்." அவர் குரலைத் தணித்துக்கொண்டார். இப்போது இயக்குநராக அல்லாமல் ஒரு பெரிய மனிதராகப் பேசினார். "அம்மா, மூவாயிரத்து எண்ணூறு பேர் இரண்டு என்று எழுதியிருக்கிறார்கள். ஒன்று என்று எழுதியவர்கள் நாற்பத்தொரு பேர். அந்த மூவாயிரத்து எண்ணூறு பேரையும் தவறு என்று சொல்லும் அளவுக்கு இந்த வாரியத்துக்கு அகம்பாவம் கிடையாது. வாரியம் தவறே செய்யாது என்று நான் சொல்லவில்லை. வாரியம் செய்த தவறைக் கண்டுபிடிக்க விதிகளில் வழி இல்லை என்றுதான் சொல்கிறேன்."

வெளியே வந்து அவள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது லிங்கப்பன் பின்னாலேயே வந்தார்.

"அக்கா, ஒரு வழி இருக்குதுங்க. கருணை மார்க்கு. ஒரு மார்க்குல போனவுங்களுக்குக் குடுக்கறதுண்டு. ஆனா ஆட்சேபணைய வாபஸ் வாங்கோணும். அப்பறம் என் விடை தப்புன்னு எழுதிக் குடுக்கோணும்." அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். "சும்மா ஒரு ஃபாரமுங்க."

அன்று மாலை அவள் கணவன் செந்தில்நாதனிடம் சொன்னாள். அவன் வீடுகளுக்கு டைல்ஸ் ஒட்டுகிறவன். முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே கேட்டான்.

"இப்ப உனக்கு என்ன, அந்தக் கோடு இருக்குதுன்னு சொல்லோணும். அவ்வளவுதான?"

"ஆமா."

"சொல்லிட்டுப் போ. நம்ம வீட்டு நடுவுலயா அந்தக் கோடு வருது?"

"அங்க கோடு இல்லையே."

"இல்லாத கோட்டுக்கு எதுக்கு இத்தனை யோசன?" என்றான் அவன். அவன் கேலி செய்யவில்லை. உண்மையாகவே கேட்டான். ரொம்ப நேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுந்தால் கால் தன் கால் மாதிரி இருக்காது. அப்படி ஏதோ ஒன்று அவள் நெஞ்சுக்குள் இருந்தது. ஊன்றிப் பார்த்தால் தரை தெரியவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை போய் ஃபாரத்தை வாங்கினாள். 'நாற்பத்தேழாம் கேள்விக்கு நான் அளித்த விடை தவறு என்று என் மனசாட்சிப்படி அறிவிக்கிறேன்' என்பது அச்சிலேயே இருந்தது. கீழே நிரப்ப வேண்டியவை. தவறை எப்போது உணர்ந்தீர்கள்? விசாரணை நடந்த தேதியைப் போட்டாள். தவறு செய்யத் தூண்டியவர் யார்? பேனா அங்கே நின்றது. ஏழு மாதம் கடைசி பெஞ்சில் இடம் கொடுத்தவளின் பெயர் ஒன்றுதான் அங்கே எழுத இருந்தது.

"அங்க 'சுயமாக'ன்னு போடுங்க," என்றார் லிங்கப்பன்.

போட்டாள்.

"தவறை உணர உதவியவர்னு இருக்குது பாருங்க, அங்க டைரக்டர் சார் பேரு. எல்லாரும் அதத்தான் போடறாங்க."

அதையும் போட்டாள். கையெழுத்துப் போட்டாள். ஃபாரத்தை மடிக்காமல் நீட்டிவிட்டு பஸ்ஸைப் பிடிக்கப் போனாள்.

ஒரு மாதத்தில் உத்தரவு வந்தது. இளநிலை எழுத்தர், நிரந்தரம், ஓய்வூதியத்தோடு. கல்லூரியில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தாள். ஸுஷ்மா இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு, "ரொம்ப சந்தோஷம்" என்றாள். அவளுக்கும் புதுப்பித்துவிட்டிருந்தார்கள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் வாரியம் வருடத்துக்கு ஒருமுறை நேர்மை தினம் கொண்டாடும். அந்த வருடம் பாராட்டுவதற்குத் தகுந்த ஆள் கிடைக்காமல் தேடிக்கொண்டிருந்தார்கள். லிங்கப்பன் வடிவின் கோப்பை எடுத்துக் கொடுத்தார். அவளுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்திருப்பார்.

மண்டபத்து வாசலில் பத்தடி உயரத்துக்கு ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். அதில் வடிவின் படம். அவளுக்குப் பின்னால் அந்தச் சார்பின் வரைபடம். வரைந்தவருக்குக் கணக்கு தெரிந்திருக்க நியாயமில்லை. இரண்டு செங்குத்துக் கோடுகளைப் போடச் சொல்லியிருந்தார்கள், போட்டிருந்தார். இடமிருந்து சாதுவாக வந்துகொண்டிருந்த வளைகோடு, இரண்டாவது கோட்டில் போய் முட்டி, வேறு வழி தெரியாமல் சுவரேறுகிற மாதிரி நேராக மேலே போய்விட்டது. உள்ளே முந்நூறு பேர் இருந்தார்கள். அடுத்த வருடம் தேர்வு எழுதப் போகிறவர்கள் கட்டாயம் வர வேண்டும் என்று சுற்றறிக்கை போயிருந்தது.

வடிவை வெல்வெட் சோபாவில் உட்காரவைத்துச் சால்வை போர்த்தினார்கள். சந்தன மாலை போட்டார்கள். கேசவமூர்த்தி மைக்கைப் பிடித்தார்.

"சரியான விடையை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். அதற்குப் படித்தால் போதும். ஆனால் தான் எழுதியது தவறு என்று ஒப்புக்கொள்ள, அதுவும் வாரியம் கேட்டுக்கொண்ட மாத்திரத்தில், மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொள்ள, ஒரு நிர்வாகப் பண்பு வேண்டும். நாற்பத்தொரு பேர் அந்தத் தவறான விடையை எழுதினார்கள். அவர்களில் நாற்பது பேர் மற்றக் கேள்விகளிலேயே தேறிவிட்டார்கள், அல்லது எப்படியும் தேற முடியாத இடத்தில் இருந்தார்கள். ஆகவே தங்கள் தவறை உணரும் நல்வாய்ப்பு அவர்களுக்குக் கிடைக்கவே இல்லை. வடிவு அம்மையாருக்குக் கிடைத்தது. தேவை இருக்கும் இடத்தில்தான் நேர்மை பிறக்கிறது என்பதை இந்த வாரியம் தன் அனுபவத்தில் கண்டிருக்கிறது."

பெரிய கைதட்டல். வடிவிடம் மைக்கைக் கொடுத்தார்கள். லிங்கப்பன் எழுதிக் கொடுத்திருந்த தாள் மடியில் இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை. "எல்லாருக்கும் நமஸ்காரம். ரொம்ப நன்றி," என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். சுருக்கமாகப் பேசியதற்கும் ஒரு கைதட்டல் கிடைத்தது.

சாப்பாட்டுக்கு முன்னால் கை கழுவப் போனாள். குழாய்களின் வரிசையில் அவளுக்குப் பக்கத்தில் ஒரு பெண் நின்றிருந்தாள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று இருக்கும். கழுத்தில் ஆஸ்பத்திரி ஹவுஸ்கீப்பிங் அடையாள அட்டை தொங்கியது. அனுப்ரியா என்று போட்டிருந்தது. அவள் கை ஏற்கெனவே சுத்தமாக இருந்தது. ஆனாலும் தண்ணீரை விட்டுக்கொண்டு நின்றாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"அந்தக் கணக்க நானும் போட்டுப் பாத்தேன் அக்கா. மூணு தடவ போட்டேன். எனக்கு ஒண்ணுதான் வருது." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அடுத்த வருஷம் அது மாதிரி வந்தா நான் ஒண்ணு எழுதட்டா, ரெண்டு எழுதட்டா?"

பக்கத்துக் குழாயில் யாரோ வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டுப் போனார்கள். வடிவு மாலையை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, தண்ணீரை நிறுத்தினாள்.

"ரெண்டு எழுது."

"அப்ப நான் போட்டது தப்பா?"

"இல்ல. நீ போட்டது சரி. ஒண்ணுதான்."

அந்தப் பெண் புரியாமல் அவள் முகத்தையே பார்த்தாள். "அப்ப அத எங்க அக்கா எழுதறது?"

வடிவு யோசித்தாள். உண்மையாகவே ஒவ்வொரு இடமாக நினைத்துப் பார்த்தாள். தன் புது மேஜை, பழைய கல்லூரி, வீடு, கொள்ளேகாலம்.

"அத உன்கிட்ட யாரும் கேக்க மாட்டாங்க கண்ணு," என்றாள். பிறகு சால்வை முனையில் கையைத் துடைத்துக்கொண்டு பந்திக்குப் போனாள்.